ரேடியோவில் அவிழ்ந்த சேலை

இலங்கை மலைநாட்டில் லுணுகலைக்கு மேலே, பஸ் போகாத மூன்று மைல் ஏற்றத்தில் இருந்தது கருங்காட்டுத் தோட்டம். அங்கே தொழிலாளர் வரிசைவீடுகளில் ஐந்தாம் லயத்தில் குடியிருந்தவள் வேலாயி. நான் பருத்தித்துறையிலிருந்து அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போன வருஷம் அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கொழுந்து எடுப்பவள். புருஷன் ரெங்கசாமி கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியின் தலையை ஒரே வீச்சில் சமமாகச் சீவுவான். அதிகம் பேசமாட்டான். பேச்சை எல்லாம் அவளே பேசிவிடுவாள்.

கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை மூக்குத் தொடுகிற தூரத்தில் நின்று பார்ப்பவள் அவள் ஒருத்திதான். "முள்ளு ஆடுதுங்க. நின்னதும் படிங்க" என்பாள். கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்காது. ஆனால் அவள் குரல் எல்லோருக்கும் பிடிக்கும். ஆறாம் நம்பர் மலையில் அவள் பாடினால், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலையில் வேலை செய்யும் பெண்கள் அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார்கள்.

1958 முடிகிற நேரத்தில் ஒரு செய்தி வந்தது. வருகிற தைப்பொங்கலன்று பதுளையில் பெரிய கலைநிகழ்ச்சி. கொழும்பிலிருந்து ரேடியோக்காரர்கள் வந்து அதை நடக்கும்போதே ஒலிபரப்பப் போகிறார்கள். ஒவ்வொரு தோட்டமும் ஏதாவது செய்யலாம். தோட்டத்தை நிர்வகித்த துரை சம்மதித்தார். கணக்கப்பிள்ளை பன்னிரண்டு பெண்களுக்கும் ஒரே மாதிரி பச்சைச் சேலை எடுத்துக் கொடுத்தார். பட்டு மாதிரி மினுங்குகிற, ஆனால் பட்டு அல்லாத துணி. கோலாட்டப் பாட்டு எழுதிப் பழக்குகிற வேலை எனக்கு. முன்பாட்டுக்காரியாக அதுவரை இருந்தவள் நல்லம்மா என்பவள். குரலைக் கேட்டு நான் வேலாயியை முன்னால் நிறுத்தினேன். நல்லம்மா மறுநாளிலிருந்து வேலாயிக்கு நேர் பின்னால் நின்று ஆடினாள்.

பொங்கல் அன்று காலையிலேயே லொறியில் பதுளைக்குப் போனோம். மண்டபம் நிறைந்து, வெளியே ஒலிபெருக்கிக்குக் கீழும் கூட்டம். காதில் கருவி மாட்டிய ரேடியோக்காரர் ஒருவர் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"நீங்கள் இங்கே பாடுவது அந்த நிமிஷமே எல்லா வீட்டுக்கும் போய்விடும். பிழை வந்தால் அழிக்க வழியில்லை. அதனால் என்ன நடந்தாலும் பாட்டை மட்டும் நிறுத்தாதீர்கள்."

பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கள் முறை வந்தது. முதல் இரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவது பாட்டில் பெண்கள் வட்டமாகச் சுற்றி, பின்னால் நிற்பவளின் குச்சியைத் திரும்பித் தட்ட வேண்டும். வேலாயி திரும்பினாள். நல்லம்மாவின் குச்சி நுனி அவள் கொசுவத்தில் மாட்டியது. வழுக்குகிற துணி, பின் ஊசி குத்த வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு இழுப்பில் கொசுவம் முழுதும் உருவி, சேலை மேடையில் குவியலாக விழுந்தது. மேலே ரவிக்கையும் தோளில் கிடந்த முந்தானையும், கீழே வெள்ளை உள்பாவாடையுமாக அவள் மைக்குக்கு முன்னால் நின்றாள்.

பாட்டை அவள் நிறுத்தவில்லை. மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வாயடைத்துப் போக, இவள் மட்டும் பாடிக்கொண்டே சேலையைப் பொறுக்கத் திரும்பிக் குனிந்தாள். அப்போதுதான் பாவாடையின் பின்பக்கத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு நீல மையில் அடித்த முத்திரை தெரிந்தது. முன்வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன் அந்த இங்கிலீஷ் எழுத்தைச் சத்தமாக வாசித்தான்.

"டிஸ்பென்சரி!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. பின்வரிசைகள் அதைப் பிடித்துக்கொண்டன. "டிஸ்பென்சரி! டிஸ்பென்சரி!" வேலாயி சேலையை ஒரு கையால் வயிற்றோடு அள்ளிப் பிடித்தபடி கடைசி அடிவரை பாடி முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். திரைக்குப் பின்னால் நின்ற நான் அவளுக்கு ஒரு போர்வையைத் தேடிக் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. அந்த முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியின் முத்திரை அது. தோட்டத்தின் பெயர் மேலே வளைவாக இருந்தது.

"நல்லம்மா குச்சிதான் மாட்டுச்சு" என்றாள் வேலாயி, மூச்சு வாங்கியபடி. "தானா மாட்டுச்சா, மாட்டிவிட்டாளா?"

"நான் பாக்கேல்லை" என்றேன். அது உண்மை.

தோட்டத்தில் அந்த நேரம் கடையடி ரேடியோவைச் சுற்றி நூறு பேர் நின்றார்களாம். அவர்களுக்குச் சேலை விழுந்தது எப்படித் தெரியும்? பாட்டுக் குரல்கள் குறைந்து வேலாயியின் குரல் தனித்துக் கேட்டது, பெரிய இரைச்சல் எழுந்தது, பிறகு "டிஸ்பென்சரி, டிஸ்பென்சரி" என்று பலர் கத்தினார்கள். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. பெண்டாட்டி மேடையில் விழுந்து அடிபட்டுவிட்டாள், டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கத்துகிறார்கள் என்று நினைத்தான் ரெங்கசாமி. பதுளைக்கு டெலிபோன் போட்டுக் கேட்கலாம் என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினான்.

டிஸ்பென்சரியை நடத்தியவர் சிதம்பரநாதன். தோட்டத்தில் அவரை டாக்டரய்யா என்பார்கள். மானிப்பாய்க்காரர்; மனைவி ஊரில்; சனிக்கிழமைகளில் நானும் அவரும் சீட்டு விளையாடுவோம். ரெங்கசாமி போனபோது அவர் கட்டடத்துக்குப் பின்னால் தகர டின்னில் எதையோ போட்டு எரித்துக்கொண்டு நின்றார். உள்ளே அவருடைய ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"ஏன் இஞ்சை வந்தனி?" என்று திடுக்கிட்டுக் கேட்டிருக்கிறார்.

"ரேடியோவுல கத்துறாங்கய்யா. வேலாயிக்கு என்னமோ ஆயிருச்சு. ஒரு போன் போட்டுப் பாருங்கய்யா."

"அவளுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நீ போ."

ஒன்றும் நடக்கவில்லை என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று ரெங்கசாமி அப்போது யோசிக்கவில்லை. டாக்டர் சொன்னால் சரி என்று ஆறுதலாகத் திரும்பி வந்தான்.

மறுநாள் லொறி வந்து இறங்கியபோது, எங்களுக்கு முன்பே கதை வந்து சேர்ந்திருந்தது. பத்து மணிக்கெல்லாம் சிதம்பரநாதன் துரையிடம் போய்விட்டார். கட்டில்களுக்காகப் பதுளையிலிருந்து வந்த புது வெள்ளை விரிப்புகள் இரண்டு டசின், அலுமாரியிலிருந்து காணாமல் போய்விட்டன. யார் எடுத்தது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. இப்போது நாடே பார்த்துவிட்டது என்று முறைப்பாடு. துரை வேலாயிக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்றார், திங்கட்கிழமை விசாரணை. கணக்கப்பிள்ளை இரண்டு ஆட்களோடு வந்து அவள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவை அலசினார். அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். அந்த ஒரு பாவாடையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"தீவாளிக்கு லுணுகலையில றஹீம் நானா கடையில வாங்கினேங்க. துண்டுத்துணி. நானே தச்சேன். எல்லா வெள்ளத் துணியிலயும் மில்லு முத்திரை இருக்கும்ல, அதுன்னு நெனச்சேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?" என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவள் போனதும் இன்னொரு கதை பேசினார்கள். இரண்டு டசின் விரிப்பைத் திருடினவள் ஒன்றை மட்டும் தைத்துக் கட்டுவாளா? திருடியிருக்க மாட்டாள், கொடுத்திருப்பார்கள். யார் கொடுத்திருப்பார்கள்? கார்த்திகை மாதம் முழுக்கக் கைப்புண்ணுக்கு மருந்து கட்ட டிஸ்பென்சரிக்குத் தினம் தினம் போனவள் யார்? பெண்டாட்டியை ஊரில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருக்கிறவர் யார்? இந்தக் கதையை நல்லம்மாதான் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு முதலில் சொன்னாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். யார் சொன்னால் என்ன, நானும் நம்பினேன். சிதம்பரநாதனின் தனிமை எனக்குத் தெரியும். சீட்டாடும்போது அவர் வேலாயியின் குரலைப் பற்றி ஒருமுறை புகழ்ந்திருந்தார். அந்த ஒரு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு மீதியை நானே கட்டி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை ரெங்கசாமி தன் பாயை வெளியே இஸ்தோப்பில் போட்டுப் படுத்தான். லயத்தில் இருபது காம்பராவுக்கும் பொதுவான வாசல்வரிசை அது. அங்கே ஒருவன் பாய் போட்டால் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் இழுத்துக்கொண்டு வேலாயி லுணுகலைக்குப் போனாள். கடைவீதியில் பையன்கள் "டிஸ்பென்சரி" என்று கூவினார்கள். அவள் நேரே றஹீம் நானாவின் துணிக்கடைக்குள் ஏறினாள்.

"நானா, தீவாளிக்கு இந்த மூலையில வெள்ளத்துணி குவிச்சு வச்சு வித்தீங்களே, அத இவருக்கிட்டச் சொல்லுங்க."

றஹீம் நானா அவளைப் பார்க்காமல் ரெங்கசாமியைப் பார்த்துச் சொன்னார்: "நம்ம கடையில துண்டு யாவாரமே இல்ல தம்பி. உருட்டுல இருந்து அளந்து வெட்டித்தான் குடுக்கிறது. இந்தப் புள்ள வேற கடையோட மாறாடுது."

திரும்பி வரும் வழியில் ரெங்கசாமி லயத்துக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் கேட்டான்:

"நானா இல்லங்கிறான். அப்ப யாரு குடுத்தா?"

"நீயுமா?"

"அன்னைக்கு டாக்டரு ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாரு. அவருக்கு எப்படித் தெரியும்? ஒனக்கு என்னா ஆச்சுன்னு ஒன் புருசனுக்குத் தெரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

அவள் நின்றுவிட்டாள். "எப்பச் சொன்னாரு? நீ எப்ப அங்க போன?"

அவன் சொன்னான். ரேடியோ, ஓட்டம், தகர டின், நெருப்பு எல்லாவற்றையும்.

"என்னா எரிச்சாரு?"

"என்னத்தக் கண்டேன். துணி கருகுற வாடை வந்துச்சு."

பின்னேரம் பள்ளிக்கூடத்தில் நான் மறுநாள் பாடத்துக்குக் கரும்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். வேலாயி தனியே வந்தாள். சுருட்டிய பாவாடையை மேசையில் வைத்து விரித்தாள்.

"இந்த எழுத்த ஒண்ணொண்ணா எனக்கு வாசிங்க வாத்தியாரய்யா."

வாசித்தேன். தோட்டத்தின் பெயர், டிஸ்பென்சரி, கீழே 1958.

"போன வருசம் வந்த துணி. தொட்டுப் பாருங்க. கஞ்சி போகல. ஒரு தடவகூடத் தொவைக்காத துணி. பதுளைக்குக் கட்டணும்னு பொட்டியில வச்சிருந்தேன். கட்டுனது அன்னைக்கு ஒரு நாள்தான். ஆசுபத்திரிக் கட்டில்ல ஒரு நோயாளி படுத்திருந்தா இப்படியா இருக்கும்?"

"அலுமாரியில இருந்ததுதானே களவு போனதெண்டு டாக்டர் சொல்லுறார்" என்றேன்.

"இருங்க. நானா கடையில அன்னைக்கு இந்த மாதிரி நெறையக் கெடந்துச்சு. எல்லாத்துலயும் ஒரு மூலைய உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமா வெட்டி எடுத்திருந்தாங்க. எனக்கு வெட்டு விழாத துணி வேணும்னு அடிவரைக்கும் பெரட்டித் தேடி, இந்த ஒண்ண எடுத்தேன். முழுசா இருந்தது இது ஒண்ணுதான்." விரலால் முத்திரையைத் தட்டினாள். "வெட்டி எடுத்தது இதத்தான். இதுல மட்டும் மறந்துட்டாங்க. வெட்டுன மூலையெல்லாம் எங்க போச்சு? திருடினவ முத்திரைய வெட்டிட்டுக் கட்டுவாளா, முத்திரையோட கட்டுவாளா?"

அவள் சொன்னது பொருந்தியது. ஆனாலும் மூன்று நாள் வளர்த்த சந்தேகம் உடனே போய்விடவில்லை. இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுகிறாளே, இதையும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்றுதான் ஓடியது. அவள் என் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க" என்று பாவாடையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை விடியலில் வழக்கம்போலப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் பேர் கொடுக்க நின்றார்கள். வேலை இல்லை என்று சொல்லப்பட்ட வேலாயி, கூடை இல்லாமல் வந்து பெண்களுக்கு நடுவில் நின்றாள். விசாரணைக்குத் துரை வருகிறார் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"தீவாளிக்கு நானா கடையில வெள்ளத்துணி வாங்குனவங்க யாரு யாரு?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள். "மூலை வெட்டுன துணி. நான் மட்டுமா வாங்கினேன்?"

எல்லோருக்கும் பயம். வாங்கினேன் என்று சொல்கிறவளும் திருடி ஆகிவிடலாம். கணக்கப்பிள்ளை, "வேலாயி, வெளிய போ" என்று அதட்டினார். அப்போது வரிசையில் யாரோ ஒருத்தி மெல்லச் சொன்னாள்:

"நல்லம்மாக்கா, நீ வாங்குனியே. நாந்தானே கூட வந்தேன்."

நல்லம்மாவின் முகம் கறுத்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு லயத்துப் பக்கம் விறுவிறு என்று நடந்தாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தோம். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தாள். கையில் ஒரு வெள்ளைப் பாவாடை. அதன் ஒரு மூலையில் உள்ளங்கை அளவுக்கு வேறு துணி வைத்து ஒட்டுப் போட்டிருந்தது. அதை வேலாயியின் காலடியில் போட்டாள்.

"நானுந்தான் வாங்கினேன்."

பிறகு அவளே துரையின் பங்களாப் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே பேசத் தொடங்கினாள். "ரெண்டு புள்ள பெத்தேன் அந்த டிஸ்பென்சரியில. ரெண்டு தடவையும் சாக்குலதான் படுத்தேன். முதுகெல்லாம் சாக்கு வரி. விரிப்பு வரல வரலன்னாங்க. வந்த விரிப்ப எனக்கே காசுக்கு வித்திருக்காங்க."

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒருத்தி ஓடிப்போய்த் தொட்டில் சேலையை எடுத்து வந்தாள். இன்னொருத்தி பிள்ளையின் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பதினோரு துணி சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு மூலை வெட்டுப்பட்டோ ஒட்டுப் போட்டோ இருந்தது. ரெங்கசாமி ஆண்கள் பக்கத்திலிருந்து முன்னால் வந்து, தகர டின்னையும் துணி கருகிய வாடையையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். வெட்டிய மூலைகளைத்தான் டாக்டர் எரித்திருக்கிறார், முத்திரை வெளியே வந்துவிட்டதை ரேடியோக் கூச்சலே அவருக்குச் சொல்லியிருக்கும் என்று எங்களுக்குப் புரிந்தது.

துரை ஜீப்பில் வந்து இறங்கி, துணிக் குவியலைக் காலணியால் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றையும் கணக்கப்பிள்ளை தூக்கிக் காட்டினார். "எல்லாம் வேலைக்கி போ. நான் பாக்கிறது" என்றார் துரை. அரைமணி நேரம் ஒருவரும் நகரவில்லை. டிஸ்பென்சரியிலிருந்து சாக்கை எல்லாம் தூக்கி வெளியே போடும்வரை போகமாட்டோம் என்று நின்றார்கள். போட்டார்கள். அதன் பிறகுதான் மலைக்குப் போனார்கள்.

விசாரணை நடக்கவே இல்லை. சிதம்பரநாதன் அன்று மத்தியானமே காய்ச்சல் என்று காரில் பதுளைக்குப் போனார். போகுமுன் என் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"மாஸ்டர், நீரும் அதுகளை நம்புறீரோ?"

நான் காரின் பின்சீட்டில் இருந்த பெட்டிகளைப் பார்த்தேன்.

"நான் தனிய இதைச் செய்யேலுமெண்டு நினைக்கிறீரோ? விரிப்பு வந்த லொறியை ஆர் இறக்கினது?" என்று கேட்டுவிட்டுக் கார்க் கதவைச் சாத்தினார். லொறியில் வரும் சாமான்களை இறக்கி எடுப்பது கணக்கப்பிள்ளை. அவர்மீது யாரும் கை வைக்கவில்லை. வேலாயியின் அரிசி டின்னைக் கவிழ்த்துத் தேடிய அந்தக் கையை எப்போது பார்த்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் வரும். சிதம்பரநாதனுக்கு வேறு மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் அதே வேலை கிடைத்தது. றஹீம் நானா மட்டும், அடுத்த மாதம் வேலாயி கடைக்கு எதிரே நடந்து போனபோது எழுந்து உள்ளே போய்விட்டாராம்.

அவள் குற்றவாளி இல்லை என்று ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைப் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான் தீர்ப்பு. பாவாடையைத் துரையின் ஒபிஸ் வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. புது விரிப்புகள் பங்குனியில் வந்து கட்டில்களில் ஏறின. ஆனால் லுணுகலைப் பையன்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு அவள் டிஸ்பென்சரி வேலாயிதான். பதுளையில்கூட, கருங்காட்டுத் தோட்டம் என்று சொன்னால், "ரேடியோவுல சேலை அவுந்ததே, அந்தத் தோட்டமா?" என்பார்கள். ரேடியோவில் சேலை அவிழ்வதை யார் பார்த்தது? ஆனால் பார்த்ததாகவே எல்லோரும் சொன்னார்கள். நிறம்கூடச் சொன்னார்கள், சிவப்பு என்றார்கள்.

ரெங்கசாமி பாயை உள்ளே எடுத்துப் போட்டான். துணி எப்படி வந்தது என்பது அவனுக்குத் தெளிவாகிவிட்டது. டாக்டரைப் பற்றிய மற்றது தெளியவில்லை. ஒருநாள் சோறு போடும்போது, "நெசமாவே வேற ஒண்ணுமில்லையே?" என்று கேட்டானாம். "ரேடியோவுல நீ கேட்டதத் தவிர ஒண்ணுமில்ல" என்றாளாம் அவள். இதை என்னிடம் சொன்னவள் வேலாயியே. சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து முதல் பிள்ளை. லயம் சந்தோஷப்பட்டது, கூடவே விரல்விட்டு எண்ணியது. புரட்டாசியிலிருந்து பின்னால் போனால் மார்கழி. மார்கழியில் டாக்டரய்யா இங்கேதான் இருந்தார். கைப்புண் கார்த்திகையில் ஆறியதாகச் சொன்னாளே, உண்மையா? பீலியடியில் மறுபடி குடங்கள் நின்றன. இந்தத் தடவை நல்லம்மா எழும்பி, "போயி ஒங்க ஒங்க வேலையப் பாருங்கடி" என்று விரட்டினாளாம். அவள் குச்சி அன்றைக்குத் தானாக மாட்டியதா என்று மட்டும் வேலாயி அவளிடம் கேட்கவே இல்லை; அவளும் சொல்லவில்லை.

பிள்ளையை டிஸ்பென்சரியிலிருந்து கொண்டுவந்த அன்று நானும் பார்க்கப் போயிருந்தேன். இஸ்தோப்பு முழுக்கப் பெண்கள். எல்லோரும் பிள்ளையின் முகத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எதைத் தேடுகிறார்கள் என்று எனக்கும் தெரியும், ரெங்கசாமிக்கும் தெரியும். வேலாயி ஒருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ரெங்கசாமி பிள்ளையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எங்க ஆத்தா மூக்கு" என்றான்.

மெல்லச் சொல்லவில்லை. கடைசிக் காம்பராவரை கேட்கும்படி, கவ்வாத்து மலையில் அடுத்த நிரைக்காரனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னான். அவனுடைய ஆத்தாவை அந்தத் தோட்டத்தில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அவள் இந்தியாவிலேயே செத்துப் போனவள். அவன் நம்பித்தான் சொன்னானா, முடிவு செய்துகொண்டு சொன்னானா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். வேலாயி திரும்பி அவனைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு, பால் கொடுக்க உள்ளே போனாள்.